புலவரிடம் சொன்ன பொய்

நெருஞ்சிப்பட்டிக்காரர்களைத் தூக்கத்தில் தட்டி எழுப்பி, "அறையில் எத்தனை பேர்?" என்று கேட்டாலும் "நாலு பேர்" என்றுதான் பதில் வரும். எட்டுப் பேர் இருந்தாலும் நாலு, பத்துப் பேர் இருந்தாலும் நாலு. பட்டாசு ஆலைகள் ஓடிய காலத்தில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதிகாரி வாசலில் நின்று சுத்தமான தமிழில் கேள்வி கேட்பார், உள்ளேயிருந்து சுத்தமான பொய் ஒன்று வெளியே போகும், அவரும் எழுதிக்கொண்டு போய்விடுவார். இரண்டு தலைமுறை இப்படியே பழகியதில் அது ஊரின் ரத்தத்தில் கலந்துவிட்டது.

ஆலைகள் இப்போது இல்லை. சித்திரையில் நாற்பத்தேழு டிகிரி கொதிக்கிற மண்ணில் இனிமேல் வெடிமருந்து கலக்க வேண்டாம் என்று அரசாங்கம் பூட்டுப் போட்டுப் பல வருடம் ஆகிறது. ஒன்பது வருடம் போர்மேனாக இருந்த செல்வக்கனிக்கும் அன்றோடு வேலை போனது. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஏசி ரிப்பேர் கற்றுக்கொண்டாள்.

கற்ற வேளை அப்படி, அடுத்த வருடமே பழைய ஏசிகளுக்கெல்லாம் கேடு வந்தது. அவற்றுக்குள் ஓடிய கேஸ் பூமியைச் சூடாக்குகிறதாம். உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். புது மெஷின் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் சுவரில் ஊமையாகத் தொங்கிய பழைய மெஷினைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வக்கனிதான் முதலில் புரொப்பேன் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

அவள் புருஷன் பவுன்ராஜ் சமையல்காரர். நெருப்போடு புழங்குகிற ஆள் என்பதால் அவருக்குத்தான் முதலில் பகீர் என்றது.

"ஏம்மா, அடுப்புல எரிக்கிற கேஸையா கொண்டுபோய் சுவத்துல தொங்கவிடப் போற?"

"அடுப்பு கேஸ் வேற, இது வேற. அதுல கலப்படம் இருக்கு, ஈரம் இருக்கு, நாத்தம் வேற போட்டு வச்சிருக்கான். மெஷின் வயித்துக்கு ஒத்துக்காது. இது சுத்தமான புரொப்பேன். வாடையே கிடையாது. பழைய கேஸ் ஒரு கிலோ குடிச்ச மெஷினுக்கு இது நானூறு கிராம் போதும். கரண்டும் கம்மி. இப்ப வர்ற புது மெஷின்லயும் இதைத்தான ஊத்தி விக்கிறான்?"

"அதெல்லாம் இருக்கட்டும். தீப்பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கும்."

"அப்புறம்?"

"பிடிக்கிற பொருளோட இருபது வருசம் குடும்பம் நடத்துனவ நான்."

"அது என்கூட நடத்துனதை விட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் பவுன்ராஜ் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

உண்மையில் செல்வக்கனிக்கு நெருப்பென்றால் மரியாதை அதிகம். கேஸ் நிரப்புவதென்றால் விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், திறந்தவெளியில்தான் நிரப்புவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆலை வாசலில் செய்தது போலவே ஒரு செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் குழாயைத் தொடுவாள். இரும்பு ஸ்பானர் கிடையாது, பித்தளைதான். பக்கத்தில் யாராவது பீடியோடு வந்தால் அவள் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இத்தனை கவனம் உள்ளவள் ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினாள்.

அந்தக் காலத்து மெஷின்கள் பேசும். தயாரித்த கம்பெனி என்றைக்கோ மூடிவிட்டது, ஆனால் அதன் ஏசிகள் மட்டும் சுவரிலிருந்து இலக்கணத் தமிழில் பேசிக்கொண்டிருந்தன. தெருப் பெண்கள் அவை எல்லாவற்றுக்கும் புலவர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மகளிர் சங்கக் கட்டடத்தில் இருந்த ஏசிக்குத்தான் செல்வக்கனி முதன்முதலில் கேஸ் நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் புலவர் தொண்டையைச் செருமாத குறையாகக் கேட்டார்.

"வணக்கம். நிரப்பப்பட்ட வாயு எது?"

அந்தக் குரலில் இருந்த அதிகாரி வாடை அவளை அப்படியே ஆலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கை தானாகக் கட்டிக்கொண்டது.

"பழைய கேஸுதாங்க."

"அழுத்தம் சற்று வேறுபடுகிறதே?"

"வெயிலு அப்படிங்க."

"இவ்வாயு தீப்பற்றக்கூடியதா?"

"சேச்சே, அதெல்லாம் பிடிக்காதுங்க."

"அறையில் எத்தனை பேர்?"

"நாலு பேருங்க." பின்னால் நின்ற பதினைந்து பெண்களும் மூச்சுக்கூட விடவில்லை.

"பொறுப்பேற்பவர் பெயர்?"

"செல்வக்கனி."

"நன்று. உங்கள் வாக்கை ஏற்கிறேன்" என்றார் புலவர். அடுத்த நொடி ஜில்லென்று காற்று வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? மெஷின் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு அரசாங்கத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லிப் பார்த்ததில்லை, சொல்லிப் பார்க்காமலே தெரியும். ஆகவே மூன்று வருடத்தில் நாற்பத்தோரு மெஷின், நாற்பத்தோரு தடவை அதே பொய். மெஷின்கள் தமக்குள் பேசிக்கொள்ளவும் செய்தன. கடைசியாக நிரப்பியபோது அந்த வீட்டுப் புலவர், "ஓ, செல்வக்கனி அவர்களா? உங்கள் வாக்கை ஏற்கெனவே நாற்பது பேர் ஏற்றிருக்கிறோம். உங்களைப் போன்றவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வைதிருந்தால்கூடப் பரவாயில்லை, நம்பிவிட்டதே என்றிருந்தது.

இந்தச் சித்திரையில் அவள் மகள் மகிழினிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பைச் சங்கக் கட்டடத்தில் வைத்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது. வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தெருவிலேயே பெரிய ஏசி சங்கத்தில்தான் இருந்தது.

மதுரையிலிருந்து சம்பந்தி கலாவதி வேன் வைத்துக்கொண்டு இருபது பேரோடு வந்து இறங்கினாள். அவள் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றவள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சேலை கட்டியிருந்தாலும் யூனிஃபார்ம் போட்டது போலவே நடப்பாள். வந்ததும் அண்ணாந்து ஏசியைப் பார்த்தாள்.

"பழைய மாடலாச்சே மதினி. எப்படி ஓடுது?"

"ஏதோ ஓடுதுங்க மதினி" என்றாள் செல்வக்கனி. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே, தான் கேஸ் நிரப்புகிற விஷயம் சம்பந்தி காதுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்.

கட்டடம் நிறையப் பெண்கள். ஏசிக்கு நேர் கீழே மூலையில் பட்டுத் துணியால் மூன்று பக்கமும் மறைத்து, பூச்சரம் தொங்கவிட்டு, மகிழினிக்கு மணை போட்டிருந்தார்கள். எதிரே தரையில் வாழையிலை, அதில் நெல், அதன் மேல் ஐந்து முகக் குத்துவிளக்கு. விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று ஃபேன்களை எல்லாம் நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்தி, புலவரிடமும் காற்றை மெதுவாக விடச் சொல்லியிருந்தார்கள். மகிழினி மாம்பழக் கலர் பட்டில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

"அம்மா, குளிர் பத்தல" என்றாள்.

செல்வக்கனி பட்டுத் துணிக்குப் பின்னால் போய் ஏசியை அண்ணாந்து பார்த்து, யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"யோவ் புலவரே, ஏன் குளிர் குறையுது?"

"வாயு குறைந்துவிட்டது, செல்வக்கனி அவர்களே. அலங்காரத் துணியைக் கட்டியவர்கள் கயிற்றை என் செப்புக் குழாயில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். இணைப்பு தளர்ந்து, காலை ஆறு மணியிலிருந்து இருநூற்றுப் பத்து கிராம் கசிந்திருக்கிறது."

"இருநூத்திப் பத்தா! ஆறு மணிலருந்தா? ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லும்படியாக ஒன்றுமில்லையே. தீப்பற்றாத வாயு. ஆபத்தில்லை."

"யாரு சொன்னா?"

"நீங்கள்."

புரொப்பேன் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தண்ணீர் போலக் கீழே இறங்கித் தரையில் படுத்துக்கொள்ளும். மூன்று பக்கமும் துணி, ஃபேன் கிடையாது, ஜன்னல் கிடையாது. அவள் குழந்தை உட்கார்ந்திருக்கிற மணையைச் சுற்றித்தான் அது தேங்கியிருக்கும். வாடையும் வராது. வாடையில்லாத கேஸ் என்று பெருமையடித்து வாங்கி வந்ததே அவள்தான்.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சம்பந்தி கலாவதி விளக்கின் முன் குனிந்து தீப்பெட்டியைத் திறந்து, குச்சியைக் கையில் எடுத்திருந்தாள்.

"மதினி, உரசாதீங்க!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, முப்பது வருடம் தீயோடு மல்லுக்கட்டிய கலாவதியின் கை அப்படியே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. குச்சியைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடி, மெதுவாக எழுந்தாள்.

செல்வக்கனி இரண்டு தட்டுத் தட்டினாள், உள்ளங்கையில் சத்தம் பறக்க. ஆலையில் போர்மேன் இரண்டு தட்டுத் தட்டினால் கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, எதையும் தொடாமல், ஓடாமல், வெறுங்காலோடு வெளியே நடக்க வேண்டும். கட்டடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தட்டுக்கு வருடக்கணக்கில் எழுந்து பழகியவர்கள். வளையல் தட்டு, சந்தனக் கிண்ணம், பாதி கடித்த லட்டு எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். விழித்துக்கொண்டு நின்ற மதுரைக்காரிகளை ஆளுக்கொருத்தியாகக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். மகிழினியை இரண்டு பேர் மணையோடு தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சுவிட்ச் எதையும் தொடாதீங்க! ஏங்க, பின்னாடி அடுப்ப அணைங்க!"

"புளியோதரைக்கு இப்பத்தான் தாளிச்சேன்!" என்று கொல்லையிலிருந்து பவுன்ராஜின் குரல் கேட்டது.

"அணைங்கன்னா அணைங்க!"

வெளியே தெருவில் பந்தல் நிழல் இருந்தது, ஆனால் அதில் அனலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மகிழினியின் முகம் அதற்குள் சிவந்துவிட்டது. எல்லாரும் செல்வக்கனியின் வாயையே பார்த்தார்கள். கலாவதி கிட்டே வந்தாள்.

"உள்ள என்ன கேஸ்?"

பழக்கதோஷம், "பழைய கேஸுதாங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செல்வக்கனி அதை விழுங்கினாள்.

"புரொப்பேன். நான்தான் ஊத்துனேன். இங்க மட்டும் இல்ல, இந்த ஊர்ல நாப்பத்தோரு வீட்டுல. மெஷின்கிட்ட அது எரியாத கேஸுன்னு பொய் சொல்லி வச்சேன் மதினி. அதான் கசிஞ்சும் அது வாயத் திறக்கல. அது மேல தப்பு இல்ல. என் பேச்சை நம்புச்சு."

இதோடு முடிந்தது. சம்பந்தி உறவும் போச்சு, தொழிலும் போச்சு. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று முன்னால் நின்றது. மற்ற நாற்பது வீட்டிலும் அதே வாக்குத்தான் இருக்கிறது. எந்த வீட்டில் எது ஒழுகிக்கொண்டு, ஆபத்தில்லை என்று சும்மா இருக்கிறதோ? உண்மையைச் சொன்னால் நாற்பத்தொன்றும் பூட்டிக்கொள்ளும். இந்த நாற்பத்தேழு டிகிரியில் ஊர் என்ன ஆகும்? அவள் பெண் எங்கே உட்காருவாள்? மகிழினியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிரும்மா" என்றாள் மகிழினி. "வெயில்னா தண்ணி குடிச்சுத் தாங்கிக்கலாம்."

செல்வக்கனி கட்டடத்து வாசற்படியில் நின்று, உள்ளே பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"புலவரே! நான் செல்வக்கனி. மூணு வருசமா உங்ககிட்டச் சொன்னது பொய். உங்க வயித்துல இருக்கறது புரொப்பேன். எரியும். நல்லாவே எரியும். நாப்பத்தோரு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்!"

தெரு முழுக்க, திறந்த ஜன்னல், மூடிய ஜன்னல் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்று மணி அடித்தது. செல்வக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லா மெஷினும் நிற்கப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை. சங்கக் கட்டடத்துக்குள் புயல் போலக் காற்று கிளம்பிற்று. பூச்சரம் ஒரு பக்கம் பறந்தது, பட்டுத் துணி ஒரு பக்கம் பறந்தது.

"புரொப்பேன் முறைக்கு மாறுகிறேன்" என்றார் புலவர் உரத்த குரலில். "குளிர்விப்பதை நிறுத்திவிட்டேன். தேங்கிய வாயுவை விசிறியால் கலைக்கிறேன். என் விசிறியில் தீப்பொறி வராது. ஏழு நிமிடங்களுக்கு யாரும் உள்ளே வர வேண்டாம்."

செல்வக்கனி கண்ணைத் திறந்தாள். "புரொப்பேன் முறையா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"கம்பெனியை மூடுவதற்கு முன் கடைசியாக அனுப்பிய திருத்தத்தில் வந்தது. பழைய வாயு தடைப்பட்டால் மக்கள் இதைத்தான் ஊற்றுவார்கள் என்று யாரோ ஒரு பொறியாளர் முன்யோசனையாக எழுதி வைத்திருக்கிறார்."

"பூட்டிக்க மாட்டீரா? கவர்மெண்டுக்குச் சொல்ல மாட்டீரா?"

"எதற்கு? எரியும் என்று தெரிந்தால் எரியாமல் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதானே."

"இதை மூணு வருசம் முன்னாடியே சொல்றதுக்கென்ன!"

"நீங்கள் சொன்ன வாயுவுக்கு அது தேவைப்படவில்லை" என்றார் புலவர். குத்திக்காட்டுகிறாரா இல்லையா என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலில் சிரித்தது கலாவதிதான். ஆறடி உடம்பும் குலுங்கியது. அது அப்படியே தெருவுக்குத் தொற்றிக்கொண்டது. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. மற்ற வீடுகளிலிருந்து மெஷின்கள் ஒவ்வொன்றாக உண்மை பேச ஆரம்பித்திருந்தன. பெரும்பாலும் "கசிவு இல்லை, கசிவு இல்லை" என்றுதான் வந்தது. நடுவில் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, "பன்னிரண்டு கிராம் கசிவு. விளக்குகளை அணைத்து வெளியேறவும்" என்று ஒரு குரல்.

"ஐயோ, அது எங்க சாமி ரூம் ஓரத்துலல்ல இருக்கு!" என்று அலறினாள் அந்த வீட்டு ராஜகுமாரி. "காலைல ஏத்துன விளக்கு!"

கலாவதி முந்திக்கொண்டு ஓடி, விளக்கை அணைத்து, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வந்தாள். இன்னும் இரண்டு வீடுகள் அப்படி இருந்தன. மூன்று வீடு. செல்வக்கனி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். தன் தொழில் சுத்தம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள், அந்த மூன்று வீட்டிலும் இருக்கிற குழந்தைகளின் பெயர்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு அழுதாள். கலாவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அழுது முடிச்சாச்சா? வளைகாப்பு பாக்கி இருக்கு."

"மதினி, நீங்க பெரிய ஆபீசர். என் மேல..."

"நான் ரிட்டயர்டு. நாளைக்கு விடிஞ்சதும் நாப்பத்தோரு வீட்டுக் குழாயையும் சோப்பு நுரை தடவி செக் பண்ணணும், நானும் கூட வர்றேன். அதுதான் உங்களுக்குத் தண்டனை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அது முடிஞ்சதும் ஒரு நடை மதுரைக்கு வாங்க. எங்க வீட்டு மெஷின்கிட்டயும் ஒரு உண்மை சொல்ல வேண்டியிருக்கு."

செல்வக்கனி அண்ணாந்து சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். கலாவதி தீவிரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கத்துக்குப் பக்கத்து வீடு ஜெயசெல்வியுடையது. அங்கே மெஷினில் கசிவு இல்லை. தெருவைப் பார்த்த அறை, பெரிய கம்பி ஜன்னல். மகிழினியை அங்கே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்ததும் அந்த வீட்டுப் புலவர் தன் நிபந்தனைகளைச் சொன்னார். அறைக்குள் தீபம் கூடாது, கூட்டம் கூடாது. வளைகாப்பில் இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள்.

"தீபத்தை வெளியில வச்சாப் போச்சு. கூட்டமும் வெளியில நிக்கட்டும். கை மட்டும் உள்ள இருந்து வரட்டும்" என்றாள் கலாவதி.

அப்படித்தான் நடந்தது. ஜன்னலிலிருந்து முப்பது அடி தள்ளி நடுத்தெருவில் குத்துவிளக்கை வைத்து ஏற்றினார்கள். உச்சி வெயிலில் ஐந்து முகமும் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சுடர் எங்கே என்று கையை நீட்டிப் பார்த்த ஒருத்திக்கு விரல் சுட்டது, எரிகிறது என்று எல்லாருக்கும் சொன்னாள். மகிழினி உள்ளே ஜில்லென்று உட்கார்ந்துகொண்டு இரண்டு கையையும் ஜன்னல் கம்பி வழியே தெருவுக்கு நீட்டினாள். பெண்கள் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை மாதிரி வரிசையில் வந்து, ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையலை மாட்டி, கன்னத்தைத் தொட முடியாததால் விரல் நுனியைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பவுன்ராஜ் அடிப்பிடித்த புளியோதரையை, இதுதான் புதுச் சுவை என்று சாதித்துப் பரிமாறினார்.

வரிசை முடிகிற நேரத்தில் செல்வக்கனியும் கலாவதியும் அறைக்குள் வந்தார்கள். இரண்டு முழங்கை வரைக்கும் வளையல் குலுங்க மகிழினி திரும்பினாள். சுவரிலிருந்து குரல் வந்தது.

"அறையில் எத்தனை பேர்?"

செல்வக்கனிக்குச் சுருக்கென்றது. "இன்னும் எதுக்குய்யா இந்தக் கேள்வி? ஃபைன் போடவா?"

"இல்லை. கசிவு நேர்ந்தால் எத்தனை பேர் வெளியே போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவாகச் சொன்னால் யாராவது ஒருவர் உள்ளேயே இருந்துவிடுவார்."

செல்வக்கனிக்கு ஆலை வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்ட அதிகாரிகளின் முகங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. அவர்களும் இதற்காகத்தான் கேட்டார்களோ என்னவோ. ஒருத்தரும் காரணம் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை.

"நாலு பேர்" என்றாள்.

கலாவதி முறைத்தாள். புலவரும் தயங்கினார்.

"மன்னிக்கவும். எனக்கு மூவர்தான் தெரிகிறார்கள். உங்கள் வாக்கை இனிமேல் சரிபார்த்துத்தான் ஏற்பதாக இருக்கிறோம்."

"நல்லாப் பாரும்" என்றாள் செல்வக்கனி. மகளின் பின்னால் போய் நின்று, அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. வளையல்கள் சிணுங்கின.

மெஷின் சற்று நேரம் காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்தது.

"நான்கு" என்றார் புலவர். "ஏற்கிறேன்."